அலையும் முழக்கோலும்



ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதை எதிரொளிப்பு என்கிறோம். ஒலி குன்றில் பட்டுத் திரும்புவதை எதிரொலிப்பு என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் லகர ளகரம்தான் வேறுபாடு. வெடிப்பலை ஒரு சுவரில் பட்டுத் திரும்புவதற்கு இவ்விரண்டில் எதையும் வைக்க மனம் ஒப்பவில்லை. ஒளியும் ஒலியும் பட்ட கோணத்திலேயே திரும்புகின்றன. வரும் அலையும் போகும் அலையும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் கடந்து செல்கின்றன. வெடிப்பலையில் முன்னே போன அலை காற்றைச் சூடாக்கி, நெருக்கி, ஓடவும் வைத்துவிடுகிறது. திரும்பும் அலை அந்த மாறிப்போன காற்றுக்குள்தான் நடக்க வேண்டும். ஆகவே இந்த உரையில் பிரதிபலிப்பு என்ற பொதுச் சொல்லையே ஆளுகிறேன். நான் எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு கிராம், சில வேளை ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வெடிபொருளை வைத்து ஆய்வகத்தில் செய்யும் சோதனை, ஒரு நகரத்தையே உலுக்கிய வெடிப்பைப் பற்றிப் பேச என்ன உரிமை பெற்றிருக்கிறது? என் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிரதிபலிப்பு என்னும் நிகழ்ச்சி தன் சொந்த முழக்கோலோடு வருவதில்லை. முழக்கோலைக் கொண்டுவருவது அலை மோதும் பரப்பு. இந்த வேறுபாட்டை மறக்காத வரை சிறிய சோதனையை முழுதும் நம்பலாம். மறந்தால் எத்தனை துல்லியமான கருவியும் நம்மை ஏமாற்றும்.

முதலில் மோதலின் கணக்கைப் பார்ப்போம். வெடிப்பலையின் முகப்பில் காற்றின் அழுத்தம் ஒரே தாவலில் உயர்கிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேலான அந்த உயர்வே மிகையழுத்தம். அலை ஒரு கெட்டியான சுவரை நேருக்கு நேர் மோதும்போது, அதன் பின்னால் ஓடிவரும் காற்று சுவரண்டை வந்து நின்றுவிட வேண்டியிருக்கிறது. அப்படி நிறுத்தப்பட்ட ஓட்டமும் அழுத்தமாக மாறி முன்னதோடு சேர்ந்துகொள்கிறது. மிகையழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் சுவர் உணர்வது அதைப்போல் ஏறத்தாழ 2.1 மடங்கு, ஒரு வளிமண்டலம் என்றால் 2.75 மடங்கு, 10 வளிமண்டலம் என்றால் ஐந்தரை மடங்கு. காற்றை எளிய இலட்சிய வாயுவாகக் கொண்டால் இந்த ஏற்றம் எட்டு மடங்கை எட்டி நிற்கும். மிக வலிய அலைகளில் காற்றின் மூலக்கூறுகளே சிதையத் தொடங்குவதால் உண்மையில் அதையும் கடக்கும். வலிய அலைக்குச் சுவர் தரும் பெருக்கமும் பெரிது என்பதே இதன் பொருள். வெடிப்பின் சேதத்தை அலையை மட்டும் வைத்துக் கணிக்க முடியாது; அலை எதன் மேல் எப்படி மோதியது என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

நேர்மோதலைவிடச் சாய்வான மோதல் விசித்திரமானது. அலைமுகப்புக்கும் பரப்புக்கும் இடையிலான கோணம் சிறிதாக இருக்கும் வரை பரப்பை நோக்கி வரும் படு அலையும் அதிலிருந்து திரும்பும் எதிரலையும் பரப்பின் மேலேயே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. இது ஒழுங்கான பிரதிபலிப்பு. கோணம் கூடிக்கொண்டே போகும்போது ஓர் எல்லை வருகிறது. வலிய அலைகளுக்குக் காற்றில் அது ஏறத்தாழ 40 பாகை. அதைத் தாண்டினால் எதிரலையால் பரப்பருகே ஓடும் காற்றைத் தேவையான அளவு திருப்ப முடியாமல் போகிறது. சந்திப்புப் புள்ளி பரப்பை விட்டு மேலே எழும்புகிறது. அதற்கும் பரப்புக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அலை நின்றுகொள்கிறது. இதுதான் மாக் தண்டு. படு அலை, எதிரலை, தண்டு ஆகிய மூன்றும் கூடும் இடத்தை முச்சந்தி என்றே சொல்லலாம். அலை முன்னேற முன்னேற முச்சந்தி உயர்கிறது, தண்டும் வளர்கிறது. சில கோணங்களில் சாய்ந்து விழும் அலை நேராக மோதும் அலையைவிடக் கூடுதல் அழுத்தத்தைத் தருகிறது. நேரடி அடிதான் பேரடி என்ற நம் அன்றாட அனுபவத்துக்கு இது நேர்மாறு.

இதை முதலில் கண்டவர் எர்ன்ஸ்ட் மாக். பிராகில் பேராசிரியராக இருந்த அவர் 1870-களில் யாரொமிர் வொசிக்கா என்பவருடன் இந்தச் சோதனைகளைச் செய்தார். கருவி மிக எளியது: புகைக்கரி பூசிய கண்ணாடித் தகடு, அதன் அருகே மின்பொறி. பொறியிலிருந்து கிளம்பிய அலைகள் மோதும் இடங்களில் கரி பெயர்ந்து கோடாகப் பதிந்தது. இரண்டு பொறிகளை ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்தபோது, நடுவில் ஒற்றைக் கோட்டை எதிர்பார்த்த இடத்தில் ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரியும் இரு கோடுகள் தோன்றின. அவை முச்சந்திகள் நடந்துபோன தடங்கள். 1878-இல் மாக் இதை அலைகளின் ஒழுங்கற்ற பிரதிபலிப்பு என்று விளக்கினார். அணுக்கள் இருப்பதையே ஏற்க மறுத்தவர், புலன்களுக்கு எட்டாததைப் பேச விரும்பாதவர், கண்ணால் பின்தொடர முடியாத ஒரு நிகழ்ச்சியைக் கரியில் விழுந்த சுவட்டால் பிடித்தார். பீட்டர் கிரெல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தச் சோதனையை ஒரு சொற்பொழிவு மண்டபத்தில் செய்து காட்டும் வகையில் மீட்டெடுத்து 1991-இல் எழுதினார். அவையில் காட்டக்கூடிய அளவுக்குச் சிறியது அது. அறிவியல் வரலாற்றில் மாக் பிரதிபலிப்பு முதலில் தலைகாட்டியது எந்தப் போர்க்களத்திலும் அன்று, மேசைமேல்தான்.

அறுபத்தைந்து ஆண்டுகள் இது பெரும்பாலும் மறந்து கிடந்தது. 1943-இல் ஜான் வான் நாய்மான் அமெரிக்கக் கடற்படைக்காக, வெடிப்பலை போன்ற அதிர்ச்சி அலைகளின் சாய்வுப் பிரதிபலிப்பை ஆராய்ந்து, இரண்டு அலைக் கோட்பாடு, மூன்று அலைக் கோட்பாடு என்று கணித வடிவம் தந்தார். பிரின்ஸ்டனில் வாக்கர் பிளீக்னியின் குழு, அத்தகைய அலையைக் குழாய்க்குள் உண்டாக்கும் அதிர்ச்சிக் குழாயில் உலோக ஆப்புகளின் மேல் அலைகளை ஓடவிட்டு அந்தக் கணிதத்தைச் சரிபார்த்தது. அந்தப் புரிதல் அணுகுண்டை எந்த உயரத்தில் வெடிப்பது என்ற கணக்குக்குள் புகுந்தது. ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலும் நாகசாகியில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும் குண்டுகள் வெடித்தன. தரையில் வெடிப்பதைவிட உயரத்தில் வெடித்தால் மாக் தண்டு பரந்த நிலப்பரப்பைக் கடுமையான அழுத்தத்தோடு வாரிக்கொண்டு போகும் என்பது அந்த உயரத்தைத் தீர்மானித்த காரணங்களில் ஒன்று. கண்ணாடித் தகட்டில் விரல் நீளமே இருந்த ஒரு கோடும் நகரின் மேல் எழுந்த அலைச்சுவரும் ஒரே வடிவம் என்பதை மறுக்க முடியாத வகையில் வரலாறு காட்டிவிட்டது. இந்தச் சான்று கொடியது என்பதால் பொய்யாகிவிடாது.

ஏன் ஒரே வடிவம்? இங்கேதான் என் வாதத்தின் அச்சாணி இருக்கிறது. தட்டையான ஓர் அலை, நேரான ஒரு சாய்தளத்தின் மேல் ஏறுவதை எண்ணிப் பாருங்கள். அலையின் வலிமை ஓர் எண். சாய்வு ஒரு கோணம். இந்தக் கணக்கில் எங்கும் மீட்டர் இல்லை, மில்லிமீட்டர் இல்லை. ஆகவே இந்தக் கணத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் அடுத்த கணத்தின் படம் கிடைக்கும். சுட்ட அப்பளத்தின் ஒரு துண்டைப் பார்த்து அது எத்தனை பெரிய அப்பளத்தில் ஒடிந்தது என்று சொல்ல முடியாததைப்போல, அந்தப் படத்தைப் பார்த்து அது எத்தனை பெரிய சோதனையில் எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. வெடிபொருளிலிருந்து கோளமாகப் பரவும் அலைக்கு ஒரே ஒரு நீளம் உண்டு. அது வெடிப்பின் ஆற்றலின் கனமூலத்தைப் பொறுத்தது. தூரங்களையெல்லாம் அந்த நீளத்தால் வகுத்துவிட்டால் பெரிது சிறிது என்ற பேச்சே எழாது. 1915-இல் பெர்ட்ரம் ஹாப்கின்சனும் 1926-இல் கார்ல் கிரான்சும் தனித்தனியே வந்து சேர்ந்த விதி இதுதான். 1 கிராமுக்கு 1 மீட்டரில் கிடைக்கும் மிகையழுத்தம் 1 டன்னுக்கு 100 மீட்டரில் கிடைக்கும்; அலை நீடிக்கும் நேரமும் நூறு மடங்காகும்.

பெய்ரூட் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட் 4 அன்று அங்கே சேமிப்பில் இருந்த ஏறத்தாழ 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தது. பொதுமக்கள் எடுத்த காணொளிகளில் அலை வந்து சேர்ந்த நேரங்களை அளந்து, ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு அதன் வலிமையை ஏறத்தாழ 500 டன் டி.என்.டி. என்று மதிப்பிட்டது. 500 டன் என்பது 50 கோடி கிராம். அதன் கனமூலம் ஏறக்குறைய 800. துறைமுகத்திலிருந்து 800 மீட்டரில் நின்ற கட்டடத்துக்கு வந்த அலையை, தரைமேல் 1 கிராம் டி.என்.டி. வைத்து 1 மீட்டரில் வரவழைக்கலாம். சிறிய வெடிப்பையும் பெரிய வெடிப்பையும் இணைக்கும் இந்தப் பாலம் எவ்வளவு நீளமானது என்பதற்கு வெடிப்பலை ஆய்வாளர் ஜான் டூவியின் வாழ்க்கைப் பணியே சான்று. கனடாவின் சஃபீல்டு புல்வெளியில் 1964-இல் 500 டன் டி.என்.டி. வெடிக்கப்பட்ட காலத்தில், புகைக்கோடுகளைப் படம்பிடித்துக் காற்றின் ஓட்டத்தை அளந்தவர்களில் அவர் ஒருவர். நாற்பது ஆண்டுக்குப் பின் ஜப்பானின் செண்டாய் நகரில் கசுயோஷி தகாயாமாவின் ஆய்வுக்கூடத்தில் 10 மில்லிகிராமுக்கு மேற்படாத வெள்ளி அசைடு துகள்களின் அலைகளை அளந்த குழுவிலும் அவர் பெயர் இருக்கிறது. எடையில் பல ஆயிரம் கோடி மடங்கு வேறுபாடு. ஆனால் இரண்டையும் ஒரே வரைபடத் தாளில் ஒப்பிட்டுப் பேச முடிந்தது. ஒரு வெடிபொருள் எத்தனை டி.என்.டி.க்குச் சமம் என்பது ஒற்றை எண் அன்று, தூரத்தோடு மாறுவது என்ற நுட்பமும் அந்தச் சிறு துகள்களின் சோதனையில் தெளிவாயிற்று.

இனி வாதத்தின் மறுபாதி: முழக்கோலைக் கொண்டுவருவது பரப்பு என்றேன். அதற்குச் சான்று வேண்டாமா? அதிர்ச்சிக் குழாய்ச் சோதனைகளில் நெடுங்காலமாக ஓர் உறுத்தல் இருந்தது. வான் நாய்மானின் கணிதம் ஒழுங்கான பிரதிபலிப்பு முடிந்துவிடும் என்று சொன்ன கோணத்துக்கு அப்பாலும் அது சற்றுத் தூரம் நீடித்தது. கோட்பாடு தவறா? பரப்பை ஒட்டி ஓடும் காற்று உராய்வால் தேங்கி மெல்லிய படலமாகிறது. அந்தப் படலத்துக்கு ஒரு தடிமன், அதாவது ஒரு நீளம் உண்டு. அதுதான் குழப்புகிறது என்று சந்தேகித்தார்கள். சந்தேகத்தைத் தீர்க்க ஜோகன்னஸ்பர்கின் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் பார்போசாவும் பெரிக் ஸ்கியூசும் ஓர் அழகான வழியைக் கையாண்டார்கள். ஒரே அலையை இரண்டாகப் பிரித்து, இருபுறமும் ஒரே கணத்தில் வந்து மோதும்படி குழாயை அமைத்தார்கள். இரண்டு சம அலைகள் மோதும் நடுத்தளம் ஒரு கச்சிதமான சுவரைப் போலவே நடந்துகொள்ளும். ஆனால் அங்கே சுவர் இல்லை, உராய்வு இல்லை, படலமும் இல்லை. கோணம் கோட்பாட்டோடு பொருந்தியது. 2002-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை என் பார்வையில் இத்துறையின் தெளிந்த பாடங்களில் ஒன்று. சுவரை எடுத்துவிட்டதும் முழக்கோலும் போய்விட்டது. மாக் தம் இரண்டு பொறிகளைக் கொண்டு அறியாமலே செய்ததும் இதுதான்.

பரப்பின் முழக்கோலை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பெய்ரூட் கணக்கில் 800-இல் ஒரு பங்கு மாதிரி செய்து தரையாக மணல் பரப்பினால், அரை மில்லிமீட்டர் மணல் துகள் உண்மை உலகில் 40 சென்டிமீட்டர் பாறாங்கல்லாகிவிடுகிறது. மாதிரி நகரம் பாறைக்காட்டின் மேல் நிற்கிறது! சொரசொரப்பான ஆப்புகளில் மாக் தண்டு தோன்றும் எல்லை தள்ளிப்போகிறது என்பதைத் தகாயாமாவும் கபி பென்டோரும் சேர்ந்து செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மணலை அப்படியே எடுத்துவந்து வைப்பது உண்மைக்கு விசுவாசம் ஆகாது. இன்னொன்று நுரைப்பஞ்சு. மெத்தைக்குள் இருக்கும் மிருதுவான நுரைப்பஞ்சைச் சுவரில் ஒட்டினால் வெடிப்பலையின் அடி குறையும் என்று யாரும் நினைப்பார்கள். அதிர்ச்சிக் குழாய்களில் செய்த சோதனைகள் நேர்மாறாகச் சொல்கின்றன: அலை பஞ்சை நசுக்கிக்கொண்டு ஓடுகிறது, நசுங்கிய பஞ்சு தன் எடையோடு சுவரில் போய் முட்டுகிறது, வெறும் சுவர் உணர்வதைவிட உச்ச அழுத்தம் பல மடங்கு உயர்கிறது. நுண்துளைகள் இருந்தும் சட்டகம் நகராத கெட்டிப் பொருள் அப்படிச் செய்வதில்லை. அது அடியைத் தணிக்கிறது. பஞ்சின் தடிமனும் அடர்த்தியும் பரப்பு கொண்டுவந்த முழக்கோல்கள். இவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க மேசைச் சோதனையில்தான் முடியும். ஆயிரம் டன் சோதனையை ஒரு தடவை செய்வதே அரிது.

மறுப்புகளுக்கு வருகிறேன். வலிமையான முதல் மறுப்பு: சிறிய வெடிப்பில் இல்லாத இயற்பியல் பெரிய வெடிப்பில் உண்டே? உண்மை. 1950-களில் நெவாடாவில் நடந்த அணு வெடிப்புகளில் தீக்கோளத்தின் வெப்பம் அலைக்கு முன்பே தரையைச் சுட்டு, அதையொட்டிய காற்றைக் கொதிக்க வைத்தது. சூடான காற்றில் அலை விரைவாக ஓடுவதால் தரையை ஒட்டி ஒரு முன்னோடி அலை பாய்ந்து, பாடநூல் வடிவத்தையே கலைத்துப் போட்டது. ஒரு கிராம் வெடிபொருள் அப்படித் தரையைச் சுடாது. ஆனால் ஆய்வகம் என்ன செய்தது? வெப்பம் செய்வது ஒலியின் வேகத்தைக் கூட்டுவதுதான் என்று பிரித்தறிந்து, தரைமேல் ஹீலியத்தை மெல்லிய படலமாகப் பரப்பியது. ஹீலியத்தில் ஒலி, காற்றில் போவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் போகும். முன்னோடி அலை அங்கும் தோன்றியது. மாக் பெயரையே தாங்கி ஜெர்மனியின் ஃபிரைபர்கில் இயங்கும் ஆய்வு நிறுவனம் இவ்வகைச் சிறு சோதனைகளுக்குப் பேர்போனது. மறுப்பு சிறிய சோதனையை வீழ்த்தவில்லை. எந்தக் காரணத்தை அது தனியே செய்துகொள்ள வேண்டும் என்று சுட்டிக்காட்டியது.

இரண்டாம் மறுப்பு அளவீடு பற்றியது. மாதிரியைச் சிறிதாக்கலாம், அழுத்த உணரியை அதே விகிதத்தில் சிறிதாக்க முடியாது. 5 மில்லிமீட்டர் முகம் கொண்ட உணரி நூறில் ஒரு பங்கு மாதிரியில் அரை மீட்டர் அகலச் சுவர்த்துண்டு போல நடந்துகொள்ளும். நொடிக்கு 400 மீட்டர் ஓடும் அலை அதைக் கடக்க 12.5 மைக்ரோ நொடி எடுக்கும், அதற்குள் கூர்மையான உச்சம் மழுங்கிவிடும். மறுப்பு நியாயமானது. விடை ஒளியில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைவதைக் காட்டும் ஷ்லீரன் முறையை 1860-களிலேயே ஆகுஸ்ட் டோப்ளர் உருவாக்கினார். இன்று அதிவேகக் கேமராவோடு அதைச் சேர்த்து, அலையின் வேகத்தை அளந்து, வேகத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹார்கதரும் கேரி செட்டில்ஸும் கிராம் அளவு வெடிப்புகளை இப்படி அளந்து 2007-இல் எழுதினார்கள். அலையைத் தொடாமலே அளப்பதால் உணரியின் பருமன் என்ற தொல்லை இல்லை.

மூன்றாவது, கணினி இருக்கும்போது சோதனை எதற்கு என்பது. வலுவற்ற அலைகளின் வரலாறு இதற்குப் பதில் சொல்லும். மிக மெல்லிய அலைகளுக்கு மூன்று அலைக் கோட்பாடு விடையே தருவதில்லை. ஆனால் சோதனையில் முச்சந்தி போல ஒன்று கண்ணெதிரே நிற்கிறது. இதற்கு வான் நாய்மான் முரண் என்று பெயர். 1947-இல் குடர்லி என்பவர் முச்சந்தியின் பின்னால் மிகச் சிறிய விரிவலைப் பகுதி ஒன்று ஒளிந்திருக்கக்கூடும் என்றார். அரை நூற்றாண்டுக்கு அதை எவரும் காணவில்லை. 2002-இல் டெஸ்டாலும் ஹண்டரும் மிக நுணுகிய கணக்கீட்டில் அத்தகைய அமைப்பைக் கண்டார்கள். எங்கே, எவ்வளவு சிறிதாகத் தேட வேண்டும் என்பது தெரிந்ததும், ஸ்கியூசும் ஆஷ்வொர்த்தும் அதைப் படத்தில் பிடிக்கவென்றே வழக்கத்தைவிடப் பெரிய அதிர்ச்சிக் குழாயைக் கட்டி 2005-இல் அதைக் காட்டினார்கள். இந்த வரலாறு என் வாதத்துக்கு எதிராகவும் படலாம்: சிறிய குழாய் போதவில்லையே! அந்தத் தயக்கத்தை ஒளிக்கத் தேவையில்லை. வடிவத்துக்கு அளவில்லை என்பது வேறு, அதைப் பார்க்கும் கண்ணுக்கு அளவில்லை என்பது வேறு. எத்தனை சிறிது போதும் என்பதைச் சோதனையின் வசதி தீர்மானிக்கக் கூடாது. தேடும் பொருளின் நுணுக்கமே தீர்மானிக்க வேண்டும்.

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது: நகரங்களை அழிக்க உதவிய அறிவை ஏன் வளர்க்க வேண்டும்? இதற்கு நிம்மதியான பதில் கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாம். குண்டின் உயரத்தைத் தேர்ந்த அதே வளைவுகள், வெடிபொருள் கிடங்குக்கும் குடியிருப்புக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்ற அட்டவணைகளிலும் இருக்கின்றன. பல நாடுகளின் பாதுகாப்புத் தூரங்கள் கனமூல விதியில் அமைந்தவை. ஆனால் அந்த விதி திறந்த வெளிக்குரியது. எதிரெதிர்ச் சுவர்களும் தெருக்களும் அலையை வாய்க்காலில் விட்ட நீர்போல் கொண்டுபோகும் இடத்தில் தூரம் மட்டும் காவலாகாது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் தெருக்களின் சிறு மாதிரிகளில் செய்த சோதனைகள், தெருவின் அகலமும் கட்டட உயரமும் கணத்தாக்கை, அதாவது அழுத்தமும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்து தரும் மொத்த அடியை, எப்படி மாற்றுகின்றன என்று காட்டின. ஓர் உயரத்துக்கு மேல் கட்டடம் எவ்வளவு வளர்ந்தாலும் தெருவில் விழும் அடி கூடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. பட்டாசு ஆலைகளைத் தன் நிலத்தில் கொண்ட ஒரு சமூகத்துக்கு, ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையின் சுவர் எந்தக் கோணத்தில் அலையை வாங்கும் என்ற கேள்வி ஏட்டுக் கேள்வி ஆகாது.

ஆகவே சிறிய சோதனையின் முடிவைப் படிக்கும்போது கேட்க வேண்டியது எத்தனை கிராம் என்பதன்று. இந்தச் சோதனையில் எந்தெந்த நீளங்கள் இருக்கின்றன, அவற்றில் எவை விகிதத்தோடு சுருங்கின, எவை சுருங்க மறுத்தன என்பதைக் கேட்க வேண்டும். மணல் சுருங்கவில்லை, உராய்வுப் படலம் சுருங்கவில்லை, உணரியின் முகம் சுருங்கவில்லை என்று ஆய்வாளரே எழுதிவைத்தால், அவருடைய ஒரு கிராம் 500 டன்னைப் பற்றிப் பேசலாம். எழுதாமல் விட்டால் 500 டன் வெடித்தும் அது தன்னைப் பற்றி மட்டுமே பேசும். பிராகின் கரித்தகட்டில் விழுந்த அந்த விரிகோடு இன்றும் செல்லுபடியாவதற்குக் காரணம், அங்கே இரண்டு அலைகள் இருந்தன, நடுவில் சுவர் இல்லை என்பதுதான்.